குற்றம் பையன் மேல் இல்லை, கட்டை பிடித்தவன் மேல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் அறிவியல் பக்கத்தில், மூளைக்குத் தூண்டல் கொடுத்து ஓட்டக்காரர்களின் புறப்பாட்டு வேகத்தைக் கூட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் ஞாயிறு என்றால் பள்ளி நாள். எனக்கு ஓய்வு கிடைத்து எட்டு வருடம் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. பீடோங் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, ரொட்டி சானாய் ஆறிப்போகும்வரை இரண்டு தடவை படித்தேன். கட்டுரையில் இரண்டு தவறுகள். ஒன்று சின்னது. மற்றொன்று என்னை 1996ஆம் ஆண்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடிதம் கொஞ்சம் நீளும். இடமில்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்; என் அம்மாவைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்ட வேண்டாம்.

சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு பெண்ணின் தலையருகே எட்டு போல வளைந்த ஒரு கருவியைப் பிடித்திருக்கும் படத்துக்குக் கீழே 'மின் அதிர்ச்சி' என்று போட்டிருந்தீர்கள். அது அதிர்ச்சி இல்லை. 1980இல் மெர்ட்டன், மோர்ட்டன் என்ற இருவர் தலைத்தோலின் மேல் மின்முனைகளை வைத்து உண்மையிலேயே மின்சாரம் செலுத்திக் கையை அசைய வைத்தார்கள். அது வலித்தது. மண்டை ஓடு மின்சாரத்தை லேசில் உள்ளே விடாது. தோலும் தசையும்தான் அடி வாங்கும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் கூட்டாளிகளும் வேறு வழி பிடித்தார்கள். கம்பிச் சுருள் ஒன்றில் மிகப் பெரிய மின்னோட்டத்தை ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு விட்டால், சுருளைச் சுற்றி ஒரு காந்தப் புலம் எழுந்து அடங்கும். காந்தத்துக்கு எலும்பு ஒரு பொருட்டே அல்ல. உள்ளே போய், மாறும் வேகத்தாலேயே மூளையின் மேற்பரப்பில் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தூண்டிவிடும். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தூண்டல்தான், நாம் இடைநிலைப்பள்ளியில் மனப்பாடம் செய்தது. தலைக்கு வெளியே கேட்பது 'டக்' என்று ஒரு சத்தம், தோலில் ஒரு சுண்டல். அவ்வளவுதான்.

'மாறும் வேகத்தாலேயே' என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. போன மாதம் இங்கே இரவுச் சந்தையில் ஒருவர் காந்தம் தைத்த தலைப்பட்டையைப் பிள்ளைகளுக்கு 'மூளை சுறுசுறுப்பு' என்று சொல்லி 180 வெள்ளிக்கு விற்றுக்கொண்டிருந்தார். வாங்கியவர்களில் என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர். அசையாமல் கிடக்கும் காந்தம் எந்த மின்னோட்டத்தையும் தூண்டாது. அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாலும் ஒன்றுதான், தலையில் கட்டினாலும் ஒன்றுதான். இப்போது அவர் வீட்டில் அது குளிர்பெட்டிக் கதவில்தான் இருக்கிறது.

இனி பெரியதற்கு வருகிறேன். உங்கள் கட்டுரை இப்படிச் சொல்கிறது: ஓட்டக்காரன் 'செடியா' (மலாயில் 'தயார்') நிலையில் நிற்கும்போது மூளை ஏற்கெனவே தசைகளுக்குக் கட்டளையை நிரப்பி வைத்திருக்கிறது, கால் வழிய வழியத் தயாராக இருக்கிறது, சத்தம் கேட்டதும் அணை உடைகிறது. படிக்க நன்றாக இருக்கிறது. முப்பது வருடம் நானும் திடலில் பிள்ளைகளுக்கு இதையேதான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு.

எனக்கு இது தெரிய வந்தது என் மருமகள் மூலமாக. தங்கையின் மகள், வெளிநாட்டில் படிக்கிறாள். செலவுக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும் என்று அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் தன்னார்வலராகப் போய் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் காந்தம் என்றதும் என் தங்கைக்கு ஒரே அழுகை. நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டு ஒவ்வொன்றாக விசாரித்தேன். முதலில் ஒரு படிவம் கொடுத்தார்களாம். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் உண்டா, இதயத்துடிப்புக் கருவி உண்டா, காதுக்குள் பொருத்திய கேள்கருவி உண்டா. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் வலது கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே திரண்டிருக்கும் தசையின் மேல் சின்ன ஒட்டிகளை ஒட்டினார்களாம். சுருளைத் தலையின் இடப்பக்கத்தில் பிடித்தார்கள். வலது கையை ஆட்டுவது இடப்பக்க மூளைதானே. சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, சரியான இடம் வந்ததும் 'டக்' என்றார்கள். விரல் தானாகத் துள்ளியது.

"நான் ஆட்டல மாமா, அதுவா ஆடுச்சு. சிரிப்பு வந்துருச்சு," என்றாள்.

தலையில் 'டக்' கேட்ட 20 மில்லி விநாடியில் அந்தத் தசையில் ஒரு மின் அலை எழும்புகிறது. மூளையின் இயக்கப் புறணியில் (அசைவுக்குக் கட்டளையிடும் மேற்பகுதியில்) கிளம்பி, தண்டுவடம் இறங்கி, கைக்கு வந்து சேர அவ்வளவு நேரம். அந்த அலையின் உயரத்தைக் கணினி அளந்து வைத்துக்கொள்கிறது. பத்து தடவை தட்டினால் ஐந்து தடவையாவது 50 மைக்ரோவோல்ட் அலை வரக்கூடிய மிகக் குறைந்த வலு எது என்று முதலில் கண்டுபிடித்துக்கொள்வார்களாம். ஆளுக்கு ஆள் அது வேறுபடும். பிறகு அந்த ஆளுக்கென்று ஒரு வலுவை முடிவு செய்து, சோதனை முழுவதும் அதை மாற்றமாட்டார்கள்.

"அதே வலு, அதே இடம். அப்புறம் எதுக்கு நூறு தடவை தட்டணும்?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே பதில் கிடைத்துவிட்டது. அதற்குத்தான் என் அம்மா வேண்டும்.

அம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய், நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைவார். ஏன் இருட்டில் போக வேண்டும், விடிந்ததும் போனால் என்ன என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வெயில் ஏறுனா மரம் பால மூடிக்கும்டா" என்பார். ராத்திரி முழுக்க மரம் தண்ணீர் குடித்து நிற்கும். பால் குழாய்களுக்குள் அழுத்தம் ஏறி இருக்கும். வெயில் வந்து இலைகள் ஆவி விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் இறங்கிவிடும். அதே கத்தி, அதே ஆழம், அதே மரம். காலை ஆறு மணிக்குச் சீவினால் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) நிறையும், பத்து மணிக்குச் சீவினால் அடியில் கிடக்கும். வெட்டு மாறவில்லை, மரத்தின் உள்நிலை மாறியிருக்கிறது. வடிகிற பாலைப் பார்த்தே மரம் எப்படி இருக்கிறது என்று அம்மா சொல்லிவிடுவார்.

ஆய்வுக்கூடத்தில் செய்வதும் அதுதான். வெட்டு எப்போதும் ஒன்று. வெட்டும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறார்கள். வலது கையா இடது கையா என்று சொல்லும் குறி முதலில் திரையில் வருகிறது. சற்றுப் பொறுத்து, 'அழுத்து' என்ற குறி வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலும், இரண்டாவதற்குப் பிறகும், வெவ்வேறு கணங்களில் 'டக்'. விரலில் எழும் அலை பெரிதாக வந்தால் அந்தக் கணத்தில் பாதை திறந்திருக்கிறது. சிறிதாக வந்தால் யாரோ அடக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் அலை நிறையவே ஏறி இறங்குமாம். அதனால்தான் பல தடவை தட்டிச் சராசரி பார்க்கிறார்கள். ஒரு மரத்தை ஒருநாள் சீவிவிட்டு நிரை முழுவதையும் பற்றிப் பேசுகிறவரை அம்மா மதிக்கவே மாட்டார்.

1868இல் ஹாலந்தில் டொண்டர்ஸ் என்பவர், ஒரே சைகைக்கு எதிர்வினை காட்ட ஆகும் நேரத்தையும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்து காட்ட ஆகும் நேரத்தையும் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிஞ்சியது மூளை தேர்வு செய்ய எடுத்துக்கொண்ட நேரம் என்றார். பெரிய மூளைக்காரர். ஆனால் அவர் கையில் இருந்தவை தொடக்கமும் முடிவும்தான். நடுவில் நடப்பதைக் கழித்தல் கணக்கில் ஊகிக்க வேண்டியிருந்தது. காந்தம் வந்த பிறகு அந்த நடுவிலேயே தட்டிப் பார்க்க முடிந்தது.

தட்டிப் பார்த்ததில் தெரிந்தது இது. 'அழுத்து' குறிக்குப் பிறகு முதல் கொஞ்ச நேரம் விரலின் அலையில் பெரிய மாற்றம் இல்லை. தசை உண்மையில் இயங்கத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 100 மில்லி விநாடி முன்பிருந்துதான் அலை விறுவிறுவென்று உயர்கிறது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதற்கு முந்திய காத்திருப்பு. எந்தக் கை என்று தெரிந்துவிட்டது, குறி இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் அசையாத கையின் அலை குறைகிறது. அசையப் போகும் கையின் அலையும் குறைகிறது! சும்மா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வருவதை விடவும் குறைவு. அதாவது 'செடியா' என்றதும் மூளை எண்ணெயை மிதிக்கவில்லை, பிரேக்கைப் பிடிக்கிறது.

ஏன் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு. முன்கூட்டியே பாய்ந்துவிடாமல் இருக்கப் பிடித்து வைக்கிறது என்கிறது ஒரு கட்சி. சுற்றியிருக்கும் சலசலப்பை அடக்கினால்தான் வரப்போகும் கட்டளை தெளிவாகக் கேட்கும், தலைமையாசிரியர் பேசுவதற்கு முன் சபையை அமைதியாக்குவது போல, என்கிறது இன்னொரு கட்சி. எனக்கு முதல் கட்சிதான் பிடித்திருக்கிறது. "உங்களுக்குப் பிடிச்சதுக்காக உண்மையாயிடாது மாமா" என்று மருமகள் ஒரு குட்டு வைத்தாள்.

இன்னொரு சோதனையையும் சொல்லாமல் விட மனமில்லை. 1989இல் லண்டனில் செய்தது. குறி வந்த பிறகு, கை அசைவதற்குச் சற்று முன், வலுவான ஒரு தட்டு. அசைவு தாமதமானது, சில சமயம் 150 மில்லி விநாடி வரைக்கும். ஆனால் தாமதித்து வந்த அசைவு கலையவே இல்லை. எந்தத் தசை முன்னால், எது பின்னால் என்ற வரிசை அப்படியே இருந்தது. வாசலில் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே கட்டி வைத்த மூட்டையை யாரும் அவிழ்க்கவில்லை. திட்டம் எங்கோ பத்திரமாக இருந்திருக்கிறது.

உங்கள் கட்டுரையாளருக்கு நியாயம் செய்ய வேண்டும். விரலைத் துள்ள வைக்காத அளவு மெல்லிய தட்டு, சரியான நேரத்தில் கொடுத்தால் எதிர்வினை வேகமாகிறது என்று 1992இல் வந்த ஆய்வு உண்டு. ஆனால் சுருளின் 'டக்' சத்தம் மட்டுமேகூட ஆளைச் சற்று முந்த வைக்கும். காதுக்கு வந்த சத்தம் கண்ணுக்கு வந்த குறிக்கு ஒத்தாசை செய்யும். அதனால் நல்ல ஆய்வாளர்கள் சத்தம் மட்டும் வரும் போலிச் சுருளையும் வைத்துச் சரிபார்ப்பார்கள். அதைச் சொல்லாமல், தூண்டல் கொடுத்தால் ஓட்டக்காரன் 'பறப்பான்' என்று கட்டுரையில் எழுதியது அதிகம்.

இப்போது 1996. தோட்டத் திடல். பின்னால் ஜெராய் மலை, பக்கத்தில் பால் ஸ்டோர். பள்ளி விளையாட்டுப் போட்டி. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் வசதி எங்கள் பள்ளிக்கு ஏது? கீல் போட்ட இரண்டு பலகை, படாரென்று அடித்தால் ஸ்டோர் வரைக்கும் கேட்கும். அதைப் பிடிக்கிற வேலை எனக்கு. ஆறாம் ஆண்டு ஆண்கள் 100 மீட்டர். நீல இல்லத்துக்கு ஒரு பையன், மெலிந்த உடம்பு, முதல் தடம். மாவட்டத்துக்குப் போவான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

'கெ கரிசான் (கோட்டுக்கு வா)... செடியா...' கட்டை விழும்போது அவன் கால் கிளம்பிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். மறுபடியும் அதே. கட்டைச் சத்தமும் அவன் காலும் ஒன்றாகவே வந்தன. மனிதக் காது கேட்டு, கால் கிளம்ப அவ்வளவு குறைந்த நேரம் போதாது. கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடுகிறான் என்று அவனை நீக்கினேன். அது சரிதான். அதற்கு மேல் நான் சொன்னதுதான் தவறு. எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், "அடக்கம் இல்லாதவனுக்குத் திடலில் இடமில்லை" என்றேன். பத்து மணிக்குப் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, வேலை உடுப்போடு அவன் அம்மா ஓடி வந்தார். "எம்புள்ள ஓடிட்டானா சார்?" என்றார். பையன் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் எந்த ஓட்டத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை.

அவன் இப்போது இந்தப் பட்டணத்தில்தான் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். என் மோட்டாரும் அவனிடம்தான் போகும். மருமகள் சொன்னதைக் கேட்ட மறுவாரம் டயர் மாற்றப் போனபோது மெல்ல அந்தப் பேச்சை எடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"சார், நீங்க 'செடியா' சொன்னதும் மூச்ச இழுப்பீங்க. நான் மொத தடம், பக்கத்துல நிக்கிறேன், நல்லாவே கேக்கும். அந்த மூச்சு வெளிய வர்றப்பதான் கட்டை விழும். எப்பவும் அதே கணக்குதான். மத்த பசங்க கட்டையைக் கேட்டாங்க, நான் மூச்சைக் கேட்டேன்."

இருபதுக்கு மேற்பட்ட வருடங்கள், நூற்றுக்கணக்கான ஓட்டங்கள், ஒரே இடைவெளி. ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்யவே மாட்டார்களாம். எச்சரிக்கைக்கும் குறிக்கும் இடையே எப்போதும் ஒரே நேரம் என்றால், மூளை அதைக் கற்றுக்கொண்டு குறிக்கு முன்பே பிடியை விட்டுவிடும். அதனால் இடைவெளியை மாற்றி மாற்றிப் போடுவார்கள். சில சுற்றில் குறியே வராது. "ஏமாந்து அழுத்தினா திட்டுவாங்களா?" என்றேன். "இல்ல மாமா, அது ஆளோட தப்பு இல்ல, இடைவெளிய எப்படி வெச்சாங்கங்கறதுதான்னு சொன்னாங்க," என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உலக அளவிலும் இது சுலபமாக இல்லை. சத்தத்துக்குப் பின் 0.100 விநாடிக்குள் கிளம்பினால் தவறான புறப்பாடு என்பது விதி. 2010 முதல் ஒரே தடவையில் ஆட்டம் முடிந்தது. 2011இல் டேகுவில் 100 மீட்டர் இறுதியில் உசேன் போல்ட்டே அப்படி வெளியேறினார். 2022இல் யூஜினில் 110 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதியில் டெவன் ஆலன் 0.099 என்று கருவி காட்டியதால் வெளியே போனார். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி! மிகக் கூர்மையான மனிதக் காதுக்கு அந்த எல்லை சரியானதுதானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கருவி இருக்கிறது, முறையீடு இருக்கிறது. எங்கள் திடலில் கட்டை பிடித்தவனும் நானே, நீதிபதியும் நானே.

ஆசிரியர் அவர்களே, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகள் தொடங்கும் காலம் இது. உங்கள் பத்திரிகையை ஆசிரியர்கள் படிக்கிறார்கள். புறப்பாடு கொடுப்பவர்கள் மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி அடிக்காமல், ஒன்றரை விநாடியிலிருந்து இரண்டரை விநாடி வரை மாற்றி மாற்றி அடிக்கட்டும். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல், நாலைந்து மீட்டர் பின்வாங்கி நிற்கட்டும். மீட்டருக்கு 3 மில்லி விநாடி வீதம்தான் சத்தம் தாமதிக்கும். எல்லாத் தடத்துக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் நின்றால் யாருக்கும் நட்டமில்லை. முந்திக்கொண்ட பிள்ளையை நீக்க வேண்டியிருந்தால் நீக்கலாம். அடக்கம் இல்லாதவன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்த வயதில், அத்தனை பேர் பார்க்க, மூளை அந்தப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதே பெரிய வேலை.

இந்த வருடம் பழைய பள்ளியில் மறுபடி என்னைக் கட்டை பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரனின் மகள் நான்காம் ஆண்டு, மஞ்சள் இல்லம், 80 மீட்டர் ஓடுகிறாள். என் தலையையும் என் மூச்சையும் நான் நம்பத் தயாராக இல்லை. ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு என்று சீட்டு எழுதி ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னால் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு அடிப்பேன். பயிற்சி நாளுக்கென்று தனியாக இரண்டு சீட்டு உண்டு. அவற்றில் ஒன்றும் எழுதவில்லை. அது வந்தால் கட்டையை அடிக்கவே மாட்டேன்.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் அந்தப் பையன் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பீடோங், கெடா.